மூணு ஊசியோட நிறுத்திடாதீங்க: தாத்தாவோட ரெண்டு கண்ணும் ஒரு காலண்டரும்

(எபிசோடைக் கேட்க நேரம் கிடைக்காதவங்களுக்காக அதோட எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம். பேச்சை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னிக்கு எபிசோடை ஒரு புகைபோக்கியில இருந்து ஆரம்பிக்கறேன்.

எங்க அம்மாவோட ஊர் வள்ளூர். சென்னைன்னாலே மெரினா, தி.நகர், ஓ.எம்.ஆர்.னு மட்டும் நினைக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: எண்ணூர் தாண்டி, மீஞ்சூருக்கு முன்னாடி. 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒண்ணு இருக்கே, அந்த வள்ளூர். தாத்தா வீட்டு மொட்டை மாடியில நின்னா முதல்ல தெரியறது அதோட புகைபோக்கி. அப்புறம் அங்கேருந்து வரிசையா கிளம்பற டவர் லைன்.

தாத்தா துறைமுகத்துல டாலி கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். கப்பல்ல இருந்து இறங்கற மூட்டை, பெட்டி எல்லாத்தையும் எண்ணி எழுதற வேலை. எண்ணிக்கையில அவர்கிட்ட விளையாட முடியாது. கண்ணும் அப்படித்தான். தூரத்துல வர பஸ்ஸோட நம்பரை எங்களுக்கு முன்னாடி அவர் சொல்லிடுவார்.

2019 ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை, மாடியில துணி எடுத்துட்டு இருந்தேன். தாத்தா பக்கத்துல வந்து நின்னு, "பாப்பா, அந்தச் சிம்னி இன்னா நடுவுல வளைஞ்சா மாறி கீது?"ன்னார். நான் சிரிச்சுட்டேன். "வெயில்ல அப்படித்தான் தெரியும் தாத்தா"ன்னு சொல்லிட்டுக் கீழே போயிட்டேன்.

ஒரு மாசம் கழிச்சுச் சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்துட்டு, "உன் மூஞ்சி ஓரமெல்லாம் தெரியுது, நடுவுல மூக்கைக் காணோம்"ன்னார். ஆயா உடனே, "பொரை விழுந்திருக்கும், முத்தட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்"னு முடிவு சொல்லிட்டாங்க. நாங்களும் அதையே நம்பினோம்.

பொரை இல்ல. சிட்டியில ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனப்போ, இடது கண்ணுல வெட் ஏ.எம்.டி.ன்னாங்க. வயசானவங்களுக்கு விழித்திரையோட நடுப்பகுதியில வர நோய். கண்ணுக்குள்ள ஊசி போடணும், மாசம் ஒண்ணுன்னு முதல்ல மூணு. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசமும் போட்டாச்சு. தாத்தா மறுபடியும் பஸ் நம்பர் படிக்க ஆரம்பிச்சார். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம்.

ஜனவரியில திரும்ப வரச் சொல்லியிருந்தாங்க. பொங்கல் வந்துச்சு. பிப்ரவரியில மாமா பையன் கல்யாணம். "அதான் நல்லாத் தெரியுதே, எதுக்கு இன்னும் கண்ணுல ஊசியைக் குத்தறது"ன்னு தாத்தாவே சொன்னார். மார்ச்ல லாக்டவுன். புறநகர் ரயில் நின்னுச்சு. எல்லாரும் ஏறலாம்னு மறுபடி விட்டதே அந்த வருஷம் டிசம்பர் வாக்குலதான். நாங்க திரும்பப் போய் ஸ்கேன் எடுத்தப்போ 2021 ஜனவரி. இடது கண்ணோட நடுவுல தழும்பு விழுந்துடுச்சு. இனிமே ஊசி போட்டாலும் அந்தப் பார்வை வராதுன்னுட்டாங்க.

லாக்டவுன் மேல பழியைப் போடறது சுலபம். ஆனா கணக்கைச் சரியாப் பார்த்தா, நாங்க ஊசியை விட்டது லாக்டவுனுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. இந்த மூணு ஊசி முடிவா, ஆரம்பமான்னு எங்ககிட்ட யாரும் தெளிவாச் சொல்லல. நாங்களும் கேட்கல.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த எபிசோட். இந்த வைத்தியத்துல மருந்து எதுங்கறதுக்குச் சமமா, எவ்ளோ இடைவெளியில எத்தனை தடவைங்கறதும் பார்வையைத் தீர்மானிக்குது.

கண்ணுக்குள்ள என்ன நடக்குது?

கண்ணோட பின்பக்கச் சுவர்ல ஒட்டியிருக்கற மெல்லிய படலம்தான் விழித்திரை, ரெட்டினா. அதோட நட்ட நடுவுல சில மில்லிமீட்டர் அகலத்துல ஒரு இடம், பேர் மாக்குலா. படிக்கறது, ஊசியில நூல் கோக்கறது, முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கறது, போன்ல மெசேஜ் பார்க்கறது எல்லாம் அந்தச் சின்ன இடத்தோட வேலை. அது கெட்டா முழு இருட்டு ஆகாது. ஓரத்துப் பார்வை இருக்கும், நடந்து போகலாம். ஆனா எதைப் பார்க்கணும்னு கண்ணைத் திருப்பறோமோ, அது மட்டும் தெரியாது.

வயசு ஏற ஏற இந்த இடம் தேயற நோய்தான் ஏ.எம்.டி. இதுல ரெண்டு வகை. ட்ரை வகைல மெதுவா, வருஷக்கணக்குல தேயும். வெட் வகைல விழித்திரைக்கு அடியில தேவையில்லாத புது ரத்தக் குழாய்கள் முளைக்கும். அவசரமா கட்டின குழாய் மாதிரி அதெல்லாம் ஒழுகும். தண்ணி, ரத்தம் கசிஞ்சு விழித்திரை வீங்கி மேடு பள்ளமாகும். நேரா இருக்கற கோடு வளைஞ்சு தெரியறது அதனாலதான். தாத்தாவுக்குச் சிம்னி வளைஞ்சது வெயிலால இல்ல.

இது எவ்ளோ பேருக்கு வருது? இந்தியாவுல வடக்கே ஒண்ணு, தெற்கே புதுச்சேரிப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல நடந்த இண்ட்ஐ ஆய்வோட முடிவு 2010-ல வந்துச்சு. 60 வயசு தாண்டினவங்கள்ல முற்றிய நிலை ஏ.எம்.டி. 1.2 சதவீதம் பேருக்கு. 80 தாண்டினவங்கள்ல 4.6 சதவீதம். "இதெல்லாம் வெள்ளைக்காரங்க நோய்"ன்னு ஒதுக்க முடியாது.

அந்தப் புதுக் குழாய்களை வளரச் சொல்லி ஆர்டர் போடறது வெஜ்எஃப்னு ஒரு புரதம். 1989-ல நெப்போலியோனே ஃபெராராங்கற விஞ்ஞானியும் அவரோட குழுவும் அமெரிக்காவுல ஜெனென்டெக் கம்பெனியில அதைப் பிரிச்செடுத்தாங்க. இப்போ கண்ணுல போடற ஊசி மருந்துகள் எல்லாம் அந்த வெஜ்எஃப்பைப் பிடிச்சு முடக்கற மருந்துகள். ஒழுகல் நிக்கும், வீக்கம் வடியும், பார்வை திரும்பும்.

இங்கதான் முக்கியமான விஷயம். மருந்து வெஜ்எஃப்பை முடக்குது. வெஜ்எஃப் சுரக்கறதை நிறுத்தறதில்ல. கண்ணுக்குள்ள போட்ட மருந்து சுமார் ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒரு தடவை பாதி பாதியா குறைஞ்சுட்டே வரும். சில வாரத்துல தீர்ந்துடும். வெஜ்எஃப் பாட்டுக்குச் சுரந்துட்டே இருக்கும். மோட்டார் போட்டுத் தண்ணி இறைக்கற வீடு மாதிரி நினைச்சுக்கோங்க. எண்ணூர், திருவொற்றியூர்ல மழைக்காலத்துல பார்த்திருப்பீங்க. மோட்டார் ஓடற வரைக்கும் தரை தெரியும். "தண்ணிதான் வடிஞ்சுடுச்சே"ன்னு மோட்டாரை நிறுத்தினா என்ன ஆகும்? எங்க வீட்ல அதைத்தான் பண்ணோம்.

எண்ணிக்கை சொல்ற கதை

டாக்டருங்க பார்வையை எழுத்துக் கணக்குல அளப்பாங்க. சார்ட்ல ஒரு வரிக்கு அஞ்சு எழுத்து. பதினஞ்சு எழுத்து ஏறினா மூணு வரி ஏறின மாதிரி. அது பெரிய முன்னேற்றம்.

2006-ல வந்தது மாரினாங்கற ஆய்வு. 716 பேர். ரானிபிசுமாப் மருந்தை மாசம் தவறாம, ரெண்டு வருஷத்துக்குப் போட்டாங்க. இன்னொரு குழுவுக்கு ஊசி போடற மாதிரி பாவனை மட்டும். ஒரு வருஷம் முடிஞ்சப்போ, முழு டோஸ் வாங்கினவங்க சராசரியா 7.2 எழுத்து கூடுதலா படிச்சாங்க. பாவனை ஊசிக்காரங்க 10.4 எழுத்து இழந்திருந்தாங்க. அதுவரைக்கும் இந்த நோய்க்கு இருந்த வைத்தியமெல்லாம் பார்வை போற வேகத்தைக் குறைச்சதோட சரி. சராசரிப் பார்வையே மேல ஏறினது இங்கதான்.

உடனே எல்லாருக்கும் வந்த கேள்வி: மாசாமாசம் போடணுமா? மூணு போட்டுட்டு அப்புறம் மூணு மாசத்துக்கு ஒண்ணு போதாதா? பியர்னு ஒரு ஆய்வு அதைத்தான் பார்த்துச்சு, 184 பேர். முதல் மூணு மாசம் பார்வை ஏறுச்சு. இடைவெளி விட்டதும் இறங்க ஆரம்பிச்சு, வருஷக் கடைசியில கிட்டத்தட்ட ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடுச்சு. சராசரி மைனஸ் 0.2 எழுத்து. மருந்து அதே மருந்து, மாறினது இடைவெளி மட்டும்தான்.

இந்த ஆய்வைப் படிச்சப்போ எனக்கு எங்க வீட்டு 2019-2020 காலண்டரைப் படிச்ச மாதிரி இருந்துச்சு. எங்க கதை அதைவிட மோசம். மூணுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல.

அப்புறம் 2011-ல கேட். சி.ஏ.டி.டி., 1,208 பேரைச் சேர்த்து அமெரிக்க அரசுப் பணத்துல நடந்த ஆய்வு. இதுல ரெண்டு கேள்வி. ஒண்ணு, விலை குறைஞ்ச மருந்தும் விலை கூடின மருந்தும் ஒண்ணா? பெவாசிசுமாப்ங்கறது குடல் புற்றுநோய்க்காக 2004-ல வந்த மருந்து. அதைக் கொஞ்சமா எடுத்துக் கண்ணுல போடலாம்னு 2005-ல மயாமியில ஃபிலிப் ரோசன்ஃபெல்டுங்கற டாக்டர் ஆரம்பிச்சு வெச்சார். அமெரிக்காவுல அப்போ ஒரு ஊசிக்கு அது சுமார் 50 டாலர், ரானிபிசுமாப் சுமார் 2,000 டாலரா இருந்துச்சு. ரெண்டாவது கேள்வி, மாசாமாசம் போடறதும், மாசாமாசம் ஸ்கேன் பார்த்துக் கசிவு இருந்தா மட்டும் போடறதும் ஒண்ணா?

ஒரு வருஷத்து விடை: மாசாமாசம் பெவாசிசுமாப் 8.0 எழுத்து, மாசாமாசம் ரானிபிசுமாப் 8.5 எழுத்து. கிட்டத்தட்ட சமம். தேவைப்பட்டா மட்டும் போட்டவங்களுக்கு 5.9, 6.8. கொஞ்சம் கம்மிதான், ஆனா மோசமில்ல. ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த "தேவைப்பட்டா மட்டும்" குழுவே வருஷத்துக்கு ஏழு எட்டு ஊசி வாங்கியிருக்காங்க. அதோட, ஊசி இல்லாத மாசத்துலயும் ஸ்கேனுக்குப் போயிருக்காங்க. நம்ம ஊர்ல "தேவைப்பட்டா வரேன்"னு சொல்றோமே, அது வேற.

ஆய்வுல இருக்கறவங்களை நர்ஸ் போன் பண்ணிக் கூப்பிடுவாங்க, வண்டிச் செலவு கிடைக்கும். வெளியில என்ன நடக்குது? 2015-ல வந்த ஆரா ஆய்வு, ஐரோப்பா, கனடா, வெனிசுவேலான்னு எட்டு நாடு, 2,227 பேர், சாதாரண மருத்துவமனைகள். முதல் வருஷம் சராசரி அஞ்சு ஊசி, ரெண்டாவது வருஷம் 2.2. பார்வை முதல் வருஷக் கடைசியில 2.4 எழுத்து கூடுதல், ரெண்டாவது வருஷக் கடைசியில 0.6. பணக்கார நாடுகள்லயே நிலைமை இதுதான். ஆய்வுல ஏழு எட்டு எழுத்து குடுத்த அதே வகை மருந்து, வெளியில ஒரு எழுத்து கூடக் குடுக்கல.

இன்னும் நீளமா பார்த்தவங்களும் இருக்காங்க. பழைய ஆய்வுகள்ல மாசாமாசம் ஊசி வாங்கின 65 பேரை ஏழு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டுப் பார்த்தாங்க, 2013-ல வந்த செவன்-அப் ஆய்வு. ஆய்வு முடிஞ்சதும் பெரும்பாலானவங்களுக்கு ஊசி குறைஞ்சுபோச்சு. ஆரம்பத்துல இருந்ததைவிட சராசரியா 8.6 எழுத்து இறங்கியிருந்தாங்க. மூணுல ஒருத்தருக்கும் மேல 6/60 இல்ல அதுக்கும் கீழ. அவங்கள்லயே தொடர்ந்து அதிக ஊசி வாங்கினவங்க நிலைமை மத்தவங்களைவிட நல்லா இருந்துச்சு.

அப்போ ஊசி எவ்ளோ அதிகமோ அவ்ளோ நல்லதா?

அப்படிச் சொல்லிட்டுப் போனா நான் உங்களை ஏமாத்தற மாதிரி. ரெண்டு மூணு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லணும்.

முதல்ல, வெளியில ஊசி குறைஞ்சவங்களுக்குப் பார்வை குறைஞ்சதுன்னா, எது காரணம் எது விளைவுன்னு உடனே சொல்ல முடியாது. சிலருக்குத் தழும்பு விழுந்ததாலேயே டாக்டர் ஊசியை நிறுத்தியிருப்பார். குலுக்கல் முறையில ஆள் பிரிச்ச ஆய்வுகளும் அதே திசையைக் காட்டறதாலதான் இதை நம்பறோம்.

ரெண்டாவது, எல்லாக் கண்ணும் ஒண்ணு இல்ல. சிலருக்கு அஞ்சு வாரத்துல கசியும், சிலருக்குப் பதினாலு வாரம் தாங்கும். நம்ம ஆசியாவுல பாலிபாய்டல்னு ஒரு உள்வகை அதிகமா பார்க்கறாங்க. குழாய் நுனியில மொட்டு மாதிரி வீங்கியிருக்கும். அதுல சிலருக்கு ஊசியோட லேசர் வகைச் சிகிச்சை ஒண்ணும் சேர்த்தா பலன் கூடும், ஊசியும் குறையும்.

மூணாவது, தேவையே இல்லாம மாசாமாசம் போடறதும் இலவசம் இல்ல. கேட் ஆய்வுலயே, மாசாமாசம் போட்டவங்களுக்கு விழித்திரைத் திசு தேயறது கொஞ்சம் அதிகமா தெரிஞ்சுச்சு. ஒவ்வொரு ஊசிக்கும் கிருமித் தொற்று அபாயம் உண்டு. ஆயிரத்துல ஒண்ணுக்கும் குறைவுதான், ஆனா வந்தா ஆபத்து.

இதுக்கு நடுவுல கண்டுபிடிச்ச வழிதான் இப்போ நிறைய டாக்டருங்க பண்றது. "ட்ரீட் அண்ட் எக்ஸ்டெண்ட்"னு பேரு. முதல்ல மாசம் ஒண்ணு, கசிவு நிக்கற வரைக்கும். அப்புறம் இடைவெளியை ரெண்டு ரெண்டு வாரமா நீட்டறது. ஆறு, எட்டு, பத்து, பன்னெண்டு. எங்க மறுபடி கசியுதோ அங்கேருந்து ஒரு படி பின்னாடி வரணும். அதுதான் அந்தக் கண்ணோட அளவு. ஒவ்வொரு தடவை போகும்போதும் ஸ்கேனும் உண்டு, ஊசியும் உண்டு. கனடாவுல நடந்த கான்ட்ரீட் ஆய்வுல ரெண்டு வருஷத்துக்கு மாசாமாசம் போட்டவங்களுக்கு 23.5 ஊசி, 6.0 எழுத்து. நீட்டி நீட்டிப் போட்டவங்களுக்கு 17.6 ஊசி, 6.8 எழுத்து. ஆறு ஊசி மிச்சம், பார்வையில நஷ்டம் இல்ல.

புது மருந்துகளும் இந்த இடைவெளியைத்தான் குறி வைக்குது. 2011-ல வந்த அஃப்லிபர்செப்ட், முதல் மூணுக்கு அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னு போட்டே மாசாந்திர ரானிபிசுமாப்புக்குச் சமமா நின்னுச்சு. 2022-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச ஃபாரிசிமாப், ஆய்வுல சுமார் 45 சதவீதம் பேருக்கு நாலு மாச இடைவெளி தாங்குச்சு.

சுருக்கமா: டாக்டர் ஸ்கேன் பார்த்து நீட்டற இடைவெளி ஒண்ணு. பொங்கல், கல்யாணம், பணம், பயம் நீட்டற இடைவெளி இன்னொண்ணு. முதல்ல சொன்னது வைத்தியம். ரெண்டாவதுக்குத்தான் எங்க தாத்தா ஒரு கண்ணைக் குடுத்தார்.

வள்ளூர்ல இருந்து ஒரு ஊசி

அக்கறை இல்லாமலா ஜனங்க நிறுத்தறாங்க? ஒரு ஊசிக்கு எங்க வீட்ல என்னென்ன ஆகும்னு சொல்றேன். வள்ளூர்ல இருந்து ஷேர் ஆட்டோவுல அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷன். அங்கேருந்து ட்ரெயின், எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, பேசின் பிரிட்ஜ் வழியா சென்ட்ரல். அப்புறம் பஸ்ஸோ ஆட்டோவோ. டோக்கன், பார்வைச் சோதனை, பாப்பா பெரிசாக சொட்டு மருந்து, ஸ்கேன், டாக்டர், பில், ஊசி. ஊசி போடற நேரம் சில நொடிதான். மீதி நாள் முழுக்கக் காத்திருக்கறது. சொட்டு மருந்து போட்டா கண் மங்கும், தனியா திரும்ப முடியாது. கூட ஒருத்தர் வரணும், அவர் ஒரு நாள் சம்பளம் போகும். தினக்கூலி வீடா இருந்தா இந்தக் கணக்கு வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை.

மருந்து விலையில வழி இருக்கு. பெவாசிசுமாப் குறைஞ்ச விலை, பலன் கிட்டத்தட்ட சமம்னு பார்த்தோம். ஒரு குப்பியில இருந்து பல ஊசியா பிரிக்கறதால சுத்தம் ரொம்ப முக்கியம். 2016 ஜனவரியில குஜராத்துல சிலருக்குக் கண் பாதிச்சதா தகவல் வந்து, கண்ணுல போட வேண்டாம்னு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி எச்சரிக்கை விட்டு, ரெண்டு மாசத்துல திரும்ப வாங்கிக்கிட்டாங்க. ரானிபிசுமாப்போட பயோசிமிலர், அதாவது அதே மாதிரி தயாரிச்ச விலை குறைஞ்ச மருந்து, 2015-லயே இந்தியாவுல வந்துடுச்சு. குஜராத்தைச் சேர்ந்த இன்டாஸ் கம்பெனியோட ராசுமாப். ரானிபிசுமாப்புக்கு உலகத்துலயே வந்த முதல் பயோசிமிலர் அதுதான்.

எழும்பூர்ல அரசு கண் மருத்துவமனை இருக்கு. 1819-ல ஆரம்பிச்சது, உலகத்துலயே ரொம்பப் பழைய கண் மருத்துவமனைகள்ல ஒண்ணு. தனியார்ல முடியலைன்னா வைத்தியத்தையே விட்டுடாதீங்க. அங்கே போய்க் கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா, இந்த ஊசி அதுல வருமான்னு மருத்துவமனைக் காப்பீட்டு கவுண்டர்லயே கேட்டுக்கோங்க. ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல அப்பா அம்மாவைச் சேர்த்திருக்கறவங்க கவனிங்க: அட்மிட் ஆகாத வைத்தியம்னு சொல்லிக் கண் ஊசியைக் கழிச்சுக் கட்டிட்டு இருந்தாங்க. 2019-ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட விதியில, பாலிசியில இருந்து ஒதுக்கக் கூடாத நவீன சிகிச்சைகள் பட்டியல்ல கண்ணுக்குள்ள போடற ஊசியும் இருந்துச்சு. உச்சவரம்பு வைக்கலாம். அது எவ்ளோன்னு முதல் ஊசிக்கு முன்னாடியே பாருங்க.

ரெண்டாவது கண்

2022 செப்டம்பர். தாத்தா காலையில மாடிக்குப் போறார். இடது கண்ணைக் கையால மூடிட்டு வலது கண்ணால டவர் லைனைப் பார்க்கறார். 2021-ல இருந்து தினமும் இதைப் பண்றார். ஒரு கண்ணுல வந்தவங்களுக்கு இன்னொரு கண்ணுலயும் வர வாய்ப்பு அதிகம்னு டாக்டர் சொல்லியிருந்தார். கட்டம் போட்ட ஆம்ஸ்லர் அட்டை ஒண்ணும் குடுத்தாங்க. தாத்தா அதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டு, "எனக்கு இது எதுக்கு, எதுர்லயே கரண்ட்டுக் கம்பி கீது"ன்னார்.

அன்னிக்குக் கீழே இறங்கி வந்து அம்மாகிட்ட, "கம்பி வளையுது. இன்னிக்கே போலாம்"ன்னார். அன்னிக்கே போனாங்க. மறுநாள் முதல் ஊசி.

இந்தத் தடவை டாக்டர்கிட்ட நாலு கேள்வி எழுதிட்டுப் போனேன். இது எத்தனை ஊசி வரைக்கும் போகும்? இடைவெளியை எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க? ஒரு தேதிக்கு வர முடியலைன்னா எத்தனை நாளுக்குள்ள வந்தாகணும்? இதைவிட விலை குறைஞ்ச மருந்து இருக்கா? நாலுக்கும் பொறுமையா பதில் சொன்னார். உங்க வீட்லயும் இந்த நாலையும் கேளுங்க. கேட்கறது மரியாதைக் குறைவு இல்ல.

தாத்தாவுக்கு ஆறு, எட்டு, பத்து வாரம் தாங்குச்சு. பன்னெண்டுல கசிஞ்சுடுச்சு. எட்டுக்கு இறக்கி, மறுபடி பத்து. அவர் கண்ணோட அளவு பத்து வாரம்.

கேட்டவங்க அனுப்பின கேள்விகள்

*ஊசின்னா பயம். வலிக்குமா?* மரத்துப்போக சொட்டு மருந்து விட்டுத்தான் போடுவாங்க. அழுத்தற மாதிரி இருக்கும், ஒரு நாள் உறுத்தலாம். ஆனா ஊசி போட்ட அடுத்த சில நாள்ல வலி கூடிட்டே போனாலோ, கண் ரொம்பச் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. அன்னிக்கே போங்க.

*ட்ரை வகைக்கு இந்த ஊசி உண்டா?* இல்ல. வெஜ்எஃப் ஊசி வெட் வகைக்கு மட்டும்தான். ட்ரை வகை முற்றினா அது தேயற வேகத்தைக் குறைக்க வேற வகை ஊசி ரெண்டுக்கு 2023-ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. அது போன பார்வையைத் திருப்பித் தராது. நடுத்தர நிலையில இருக்கறவங்களுக்கு ஏ.ஆர்.இ.டி.எஸ். வைட்டமின் மாத்திரை உதவும். டாக்டர் சொல்லி எடுங்க. ட்ரை வெட்டா மாறலாம், அதனால கம்பி பார்க்கறதை விடாதீங்க.

*அம்மாவுக்குச் சர்க்கரை. அவங்களுக்கும் இதே ஊசின்னாங்க.* சர்க்கரையால மாக்குலா வீங்கினாலும் இதே மருந்துகள்தான். ஆனா நோய் வேற, கணக்கும் வேற. நான் சொன்ன எண்களை அங்கே பொருத்தாதீங்க.

*எங்க ஏரியா புகையாலயா இது வருது?* வட சென்னையில இருந்து இந்தக் கேள்வி வரலைன்னாதான் ஆச்சரியம். பிரிட்டன்ல 1,15,954 பேரோட விவரத்தை வெச்சு 2021-ல வந்த ஆய்வுல, காத்துல நுண்துகள் அதிகமான இடங்கள்ல தனக்கு ஏ.எம்.டி. இருக்குன்னு சொன்னவங்க கொஞ்சம் அதிகம். தொடர்பு தெரியுது, காரணம் அதுதான்னு அந்த ஆய்வால நிரூபிக்க முடியாது. சிகரெட், பீடி விஷயத்துல சந்தேகமே இல்ல. நம்ம கையில இருக்கற காரணங்கள்ல அதுதான் பெருசு. தாத்தா நாப்பது வருஷம் பீடி குடிச்சவர்.

முடிக்கறதுக்கு முன்னாடி

தாத்தா சமையலறையில தொங்கற மாசக் காலண்டரோட பின்பக்கத்துல ஊசிக்கணக்கு எழுதறார். துறைமுகத்துல மூட்டை எண்ணின மாதிரியே. நாலு கோடு, குறுக்கே ஒண்ணு, அஞ்சு ஆச்சு. இப்போ அங்கே மூணு கட்டும், தனியா மூணு கோடும் இருக்கு. மூணு வருஷத்துல பதினெட்டு. அதுக்கு மேல அவர் கையெழுத்துலயே இன்னொரு வரி இருக்கு: "இடது – 3." அது பக்கத்துல ஒண்ணும் எழுதல.

உங்க வீட்ல யாருக்காவது முதல் சில ஊசி முடிஞ்சு, "நல்லாத் தெரியுது, போதும்"னு சொல்லிட்டு இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. அதைவிட நல்லது, அடுத்த தேதி என்னன்னு கேட்டு உங்க போன்ல போட்டு வைங்க. அந்த நாளுக்கு இப்பவே லீவு சொல்லிடுங்க.

எங்க அடுத்த தேதி வர செவ்வாய்க்கிழமை. காலை ட்ரெயின். இந்தத் தடவை துணைக்கு நான் போறேன்.